குடிக்காதவன் ஓட்டிய கள்ளு லோரி

“அனுபவம் உள்ள ஆள்தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்களே தம்பி, மொத அனுபவத்த எந்தப் பாசார்ல விக்கிறாங்க?”

சபாபதி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் குழாயடியில். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ஏழாம் வகுப்பு முடித்தவன் என்ற பெருமை வேறு.  சும்மா சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை அவரும் அவர் மனைவியும் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். சபாபதி அண்ணன் என்னைவிட மூத்தவர்தான். கதை ஓடுவதற்கு வசதியாக ‘அவன்’ என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.

சபாபதி பிறந்தது கிள்ளானுக்கு வெளியே ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில். பால் வெட்டுகிற வயது வந்தபோது, துரையின் காரைக் கழுவித் துடைக்கும் வேலை கிடைத்தது. துரையின் டிரைவர் நல்ல மனிதர். துரை தூங்கும் மத்தியான வேளைகளில் தோட்டத்துச் செம்மண் சாலையில் இவனை ஓட்டவிட்டார். மரங்களுக்கு நடுவே ஓட்டி ஓட்டிக் கை பழகியது. லைசென்ஸும் எடுத்தான். லைசென்ஸ் கைக்கு வந்த கொஞ்ச நாளில் ரப்பர் விலை விழுந்தது. துரை முதலில் டிரைவரை நிறுத்தினார், அப்புறம் காரை விற்றார், அப்புறம் அவரே சீமைக்குக் கப்பலேறிவிட்டார். பாதித் தோட்டத்தை வெட்டாமல் போட்டுவிட்டார்கள். மரங்களுக்கடியில் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்தது.

வேலை இல்லாதவர்களைக் கடல் கடந்து சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. கப்பலுக்குக் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் கப்பல் ஏறாதவனுக்கு லயத்தில் வீடும் கிடையாது.

சபாபதியின் மனைவி மாரியாயி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளும் அதே தோட்டத்தில் பிறந்தவள். ‘ஊர்’ என்பது இருவருக்கும் பெரியவர்கள் வாயில் கேட்ட ஒரு சொல், அவ்வளவுதான். அங்கே யார் வீட்டில் இறங்குவது, யார் சோறு போடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மாரியாயியின் அப்பா ரெங்கசாமிக்குக் கூட அது சரியாகத் தெரியாது. சிறு பிள்ளையாய்க் கப்பல் ஏறி வந்தவர். சேலம் ஜில்லா, ஆத்தூருக்குப் பக்கம் என்பார். எந்தப் பக்கம் என்று கேட்டால் கோபம் வரும்.

ரெங்கசாமி கறாரான மனிதர். சபாபதியின் தகப்பன் கள்ளுக்கடை வாசலிலேயே விழுந்து செத்தவர் என்பதால், பெண் கொடுக்கும்போதே தோட்டத்து மாரியம்மன் கோவிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கள்ளைக் கையால் தொடமாட்டேன் என்று சபாபதி சொன்னான். சொல்லாவிட்டாலும் அவன் தொட்டிருக்க மாட்டான். அப்பனைச் சாக்கடையிலிருந்து தூக்கிவந்த தோள் அவனுடையது. கள்ளு வாடை அடித்தால் தெருவையே மாற்றிப் போகிறவன்.

கப்பல் அடுத்த வெள்ளிக்கிழமை என்று தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று, ரெங்கசாமி மருமகனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, நான் மறைச்சுப் பேசுறவன் இல்ல. அதுக்குள்ள ஒங்களுக்கு ஒரு வேலை அமைஞ்சா எம்மவ ஒங்ககூடவே இருக்கட்டும். இல்லன்னா நீங்களும் எங்ககூட ஏறுங்க. ஏற மாட்டேன்னா அவள மட்டும் கூட்டிக்கிட்டுப் போறேன். வயித்துப் புள்ளக்காரிய ரோட்டுல விட்டுட்டு எனக்கு அந்தக் கப்பல்ல தூக்கம் வருமா?”

அதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று சபாபதியால் சொல்ல முடியவில்லை.

“லோரி வேலைக்குப் போறேன் மாமா. கோலாலம்பூர்ல லோரி நெறைய ஓடுது” என்றான்.

“லோரி ஓடுது. ஓட்டுறதுக்கு ஆள் இல்லாமலா ஓடுது?” என்றார் ரெங்கசாமி.

அவர் சொன்னதுதான் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த அக்காள் தனலெட்சுமி வீட்டில் தங்கிக்கொண்டு, விடிந்ததும் கிளம்புவான். பத்து ரோடு என்ற தெருவில் லோரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போனான். ரப்பர் ஷீட் ஏற்றும் சீன முதலாளி, ‘தவுக்கே’ ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்து, “பெராப்பா லாமா பாவா லோரி?” என்றார். எத்தனை காலம் லோரி ஓட்டினாய் என்று பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், கேட்கிறார். சபாபதி, தோட்டத்தில் துரையின் கார் ஓட்டினேன் என்றான். தவுக்கே திரும்பித் தம் தேநீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது தவுக்கே பதிலைக்கூடக் கேட்கவில்லை, லைசென்ஸின் புது மினுமினுப்பைப் பார்த்தே கையை ஆட்டிவிட்டார். செலாயாங் பக்கம் ஈயச் சுரங்கத்துக்கு விறகு ஏற்றுகிறவரிடம் நடந்தே போனான். அங்கே வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட டிரைவர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பத்து வருடம் ஓட்டியவர்களுக்கே வேலை இல்லாத காலம் அது. புதியவனை யார் சீந்துவார்கள்?

கடைசியில் பிரிக்பீல்ட்ஸிலேயே சுண்ணாம்பு ஏற்றும் ஒரு முதலாளி, ஓட்டிக் காட்டு பார்க்கலாம் என்றார். மூட்டைகள் ஏற்றிய லோரி. கூட ஏறியது பாலன் என்கிற கெலிண்டான், அதாவது சரக்கு ஏற்றி இறக்கி, முன்னால் கம்பியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிடும் ஆள். வாய் சும்மா இருக்காதவன். மேட்டில் ஏறும்போது சபாபதி, கார் பழக்கத்தில் கியரை மாற்றாமல் தயங்கினான். லோரி இருமியது. நின்றது. பின்னால் உருள ஆரம்பித்தது. பாலன் குதித்து ஓடிக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டிராவிட்டால், பின்னால் இருந்த வாழைக்குலை வண்டி சட்னியாகியிருக்கும்.

“அண்ணே! இது தொரையோட காரு இல்ல லா! தொரைசானி பக்கத்துல குந்தியிருக்கற மாதிரி தடவித் தடவி ஓட்டுறீங்களே! இது எருமை, ஒதைச்சாத்தான் நகரும்!”

வாழைக்குலைக்காரன் திட்டினான். மேட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஏறிவந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சபாபதி இறங்கிக்கொண்டான்.

அன்று செவ்வாய்க்கிழமை.

பாலன் சுண்ணாம்பு படிந்த முகத்தோடு பின்னாலேயே வந்தான். பரிதாபப்பட்டானா, வேடிக்கை பார்க்க வந்தானா என்று சபாபதிக்குத் தெரியவில்லை.

“கோபிச்சுக்காதீங்கண்ணே. ஒண்ணு கேக்கறேன். நீங்க குடிப்பீங்களா?”

“ஏன்? குடிச்சிட்டா ஓட்டுனேன்?”

“குடிச்சிருந்தா நல்லா ஓட்டியிருப்பீங்க. அதுக்குக் கேக்கல. கிள்ளான்ல, பண்டமாரான் பக்கம் தென்னந்தோப்புலேருந்து இங்கத்திக் கள்ளுக்கடைக்கு லோரி ஓடுது. அதுக்குக் குத்தகைக்காரர் இராமலிங்கம். டிரைவரும் கெலிண்டானும் வழியில பீப்பாயில வாய வச்சு உறிஞ்சிட்டு, கொறைஞ்சதுக்குத் தண்ணிய ஊத்திக் கொண்டாந்திருக்கானுங்க. ரெண்டு பேரையும் வெரட்டிட்டாரு. இப்போ குடிக்காத டிரைவர் வேணுமாம். கள்ளு லோரிக்கு!” பாலன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “மீனு திங்காத பூனை வேணும்னு தேடுறாரு மனுசன்!”

சபாபதிக்கு அன்றிரவுச் சோறு இறங்கவில்லை. தனலெட்சுமி தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அவன் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கள்ளு லோரியா? ஏண்டா, அப்பாவத் தூக்கியாந்தது மறந்துபோச்சா? நீ தலைமாட்டப் புடிச்ச, நான் காலப் புடிச்சேன்.”

“நான் குடிக்கப் போகலக்கா. ஓட்டத்தான் போறேன்.”

“நீ ஏத்திக்கிட்டு வர்றத எவனோ ஒருத்தன் குடிச்சிட்டு விழுவான்ல? அவனுக்கும் வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கும்ல?”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, “வேற வழி இருந்தா நீயே சொல்லுக்கா” என்றான். அவள் எழுந்து மீதிச் சோற்றை மூடி வைத்தாள்.

புதன்கிழமை கிள்ளானுக்குப் போனான். இராமலிங்கம் தென்னந்தோப்பின் வாசலில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தொப்பை, அக்குளில் குடை, சந்தேகம் நிறைந்த கண்.

“குடிப்பியா?”

“இல்ல மொதலாளி.”

“எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான். ருசி பாத்திருப்பியே?”

“கையால தொட்டதில்ல.”

“லோரி ஓட்டியிருக்கியா?”

சபாபதி உண்மையைச் சொன்னான். கார்தான், லோரி நேற்று ஒரு நாள், அதுவும் மேட்டில் நின்றுபோயிற்று. குத்தகைக்காரர் யோசித்தார். ஓட்டத் தெரிந்தவர்களெல்லாம் குடித்தார்கள். குடிக்காத இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை.

“சரி. ஓட்டறது பழகிக்கலாம், குடிக்காம இருக்கறதப் பழக்க முடியாது. நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக் காட்டு. நீ மட்டும்தான், கெலிண்டானும் கெடையாது. கூட ஆள் இருந்தாத்தான் கூட்டுக் களவாணித்தனம் நடக்குது. நான் ரயில்ல போயி கடையில நிப்பேன். தோப்புல எவ்வளவு ஏத்துறாங்களோ அவ்வளவும் அங்க எறங்கணும். ஒரு சொட்டு கொறைஞ்சாலும் வேலை இல்ல. வெளங்குச்சா?”

விளங்கியது. திரும்பி ஆறாங்கட்டைக்கு நடந்தபோது சபாபதியின் கால் தரையில் பாவவில்லை. மாரியாயியிடம் லோரி வேலை கிடைத்த மாதிரிதான் என்றான். என்ன சரக்கு என்று அவள் கேட்டாள். “தென்னந்தோப்புச் சரக்கு” என்றான். அவள் தேங்காய் என்று நினைத்துக்கொண்டாள். அவன் அதைத் திருத்தவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை. மரமேறிகள் இறக்கிய கள்ளைப் பீப்பாய்களில் நிரப்பி, லோரியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பீப்பாயின் வாயில், மட்டையடியில் வலைபோல் இருக்கும் தென்னம் பன்னாடையைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். சபாபதி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றான். மரமேறிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. கள்ளைப் பற்றித் தெரியாத தமிழன் ஒருவன் இந்த நாட்டில் இருப்பான் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

அன்று லோரி அவன் சொன்னபடி கேட்டது. ஏற்றத்துக்கு முன்பே கியரை மாற்றினான், எருமையை உதைப்பதுபோல. கிள்ளான் பாலம் தாண்டிச் சாலை நேரானபோது நெஞ்சில் ஒரு தைரியம் வந்தது. நாளைக்குக் கப்பல் போகும், மாரியாயி அதில் இருக்க மாட்டாள் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தான்.

பத்து தீகா என்ற ஊர் நெருங்கும்போது தற்செயலாகப் பின்னால் திரும்பினான். பீப்பாய் வாய்களிலிருந்து வெள்ளை நுரை வழிந்து, பலகை இடுக்கு வழியாகச் சாலையில் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

லோரியை ஓரம் கட்டினான். ஒரு சொட்டு குறைந்தாலும் வேலை இல்லை, இங்கே சாலை முழுக்கச் சொட்டு. பன்னாடையை அழுத்திப் பார்த்தான், நுரை விரலிடுக்கில் பொங்கியது. சூடத்தில் சத்தியம் செய்த கை கள்ளில் நனைந்தது. மடத்தனமாக அடைத்திருக்கிறார்களே என்று மரமேறிகளைத் திட்டினான். தேடியபோது இருக்கைக்கு அடியில் ஒரு சாக்கில் மரக்கட்டை மூடிகள் இருந்தன. கள்ளை இறக்கிக் கழுவிய காலிப் பீப்பாய்களில் ஈ, பூச்சி போகாமல் அடைப்பதற்காக வைத்தவை. அது அவனுக்குத் தெரியாது. சரியான மூடி இருக்கும்போது நாரைச் செருகியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தான். பன்னாடையை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, எஞ்சின் சுழற்றும் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு மூடியையும் ஓங்கி ஓங்கி அடித்து இறுக்கினான். ஒரு சொட்டு கசியவில்லை. பழைய சாக்கால் பீப்பாய்களைத் துடைத்தும் விட்டான்.

வெயில் ஏறியது. சாலை குலுக்கியது. முதல் சத்தம் கேட்டபோது டயர் வெடித்தது என்று நினைத்தான். இரண்டாவது சத்தத்தில் ஒரு மூடி அவன் தலைக்கு மேலே பறந்து ரப்பர் மரத்தில் மோதியது. லோரியை நிறுத்தி இறங்கி ஓடினான். பின்னால் கள்ளு, கோவில் வாணம் மாதிரி மேலே பீறிட்டுக்கொண்டிருந்தது. ஏறி ஒரு பீப்பாயின் வாயைக் கையால் பொத்தினான். அடுத்தது வெடித்தது. அதன் மேல் மார்பை வைத்து அழுத்தினான். தலை, சட்டை, வேட்டி எல்லாம் கள்ளு. ஒரு பீப்பாயின் இரும்பு வளையமே தெறித்துப் பலகை பிளந்துவிட்டது.

சற்றுத் தள்ளிச் சாலையில் கல் பரப்பிக்கொண்டிருந்த தமிழ் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, தகரக் குவளையையும் தலையில் கவிழ்த்த தொப்பியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“அடி, மழை வேணும்னு வேண்டுனோம், மாரியாத்தா கள்ளா ஊத்துறாடி!”

“தம்பி, அந்தக் கடைசிப் பீப்பா இன்னும் வெடிக்கல, சீக்கிரம் பாருப்பா!”

சபாபதி லோரி மேலேயே உட்கார்ந்து அழுதான். சத்தம் போட்டு அழுதான். அப்போதுதான் அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு நடுவயதுப் பெண் மண்வெட்டியால் மீதி மூடிகளை நெம்பி எடுத்தாள். அவை புஸ் என்று பெருமூச்சு விட்டன.

“யாருய்யா இப்படி அடிச்சு மூடுனது?”

“நான்தான்.”

“ஏய்யா, கள்ளு உசுருள்ள சாமானாச்சே? பொங்கிக்கிட்டே இருக்குமே, மூச்சு விடவேணாமா? குடிக்கிற எந்தப் பயலக் கேட்டாலும் சொல்லியிருப்பானே?”

“நான் குடிக்கறதில்லக்கா.”

அவள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். “அதுக்குன்னு இப்படியா?” என்றாள். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினாள்: “போதும், குவளைய அந்தப் பக்கம் எடுங்கடா! பாவம் அந்தப் புள்ள, மிச்சத்தையாவது கொண்டுபோவட்டும்.” அவளே ஓலைக்கீற்றைச் சுருட்டிப் பீப்பாய் வாய்களில் தளர்வாகச் செருகிக் கொடுத்தாள்.

கள்ளுக்கடை வாசலில் இராமலிங்கம் குடையோடு நின்றிருந்தார். லோரி வருவதற்கு முன் வாடை வந்துவிட்டது. அவர் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தார். பாதி வெற்று ஓசை. கடைக்குள் காத்திருந்தவர்கள் வெளியே வந்து பார்த்து, “டிரைவரண்ணே குளிச்சிட்டே வந்துட்டாரு!” என்றார்கள். சபாபதி நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். குத்தகைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குச் சொந்தமாக லோரி ஓட்டத் தெரியாது.

“வண்டியத் தோப்புல கொண்டாந்து விடு. அப்புறம் என் கண்ணுல படாத.”

கிள்ளான் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஏற்றத்தில் கியர் மாறியது, இறக்கத்தில் பிரேக் பிடித்தது, பாலத்தில் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு இடம் விட்டான். ஒரு டிரைவர் செய்ய வேண்டியதையெல்லாம் அன்றைக்குத்தான் சரியாகச் செய்தான். அதைப் பார்க்க ஆள் இருந்தும் பயனில்லை.

ஆறாங்கட்டைக்கு அவன் நடந்து போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் மூட்டைகள். ரெங்கசாமி ஒரு மூட்டையைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே மூக்கைச் சுளித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“வாங்க மாப்ள. வேலை கெடைச்ச சந்தோசமா?”

“மாமா, நான் குடிக்கல. கள்ளு லோரி. பீப்பா வெடிச்சு...”

“கள்ளு லோரியா! தேங்கான்னு சொன்னீங்கன்னு எம்மவ காலையிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கா.” அவர் பக்கத்து வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்குங்கப்பா, பீப்பா வெடிச்சுதாம். அப்பங்காரன் குடிச்சான், அவன்கூட இந்தக் கதை சொன்னதில்ல.”

மாரியாயி உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது. நேராக அவன் எதிரே வந்து நின்றாள். “வாயத் தொறங்க” என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் வாயைத் திறந்தான். அவள் எட்டி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

“வாயில வாடை இல்லப்பா. துணியிலதான்.”

“ஒரு வெத்தலயப் போட்டா வாய் வாடை போவும். எனக்குத் தெரியாதா?”

“வெத்தல வாடையும் இல்ல. பட்டினி வாடை அடிக்குது. நீங்களே வந்து பாருங்க.”

ரெங்கசாமி வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் எவன் வாயையும் மோந்து பாக்கறதில்ல. காலையில வண்டி வரும். நீ எந்துணியோட ஒந்துணியையும் கட்டி வை.” அவள் அம்மா மூலையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

சபாபதி குளித்துவிட்டு வந்தான். வாடை போகவில்லை. லயத்தின் பின்புறம் மாரியாயி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். தேங்காய் என்று நினைக்கவிட்டதற்குத் திட்டினாள். பிறகு நுரையும் மூடியும் கல் பரப்பும் பெண் சொன்னதும் கேட்டாள். கடைசியில், “அவரு குடிக்காத ஆளுதானே கேட்டாரு?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப காலையில போவோம். நானும் வரேன்.”

“கண்ணுல படாதன்னு சொல்லிட்டாரு மாரி.”

“ஒங்களத்தானே சொன்னாரு. என்னயச் சொல்லலயே.”

வெள்ளிக்கிழமை காலை, துறைமுகத்துக்கு ஆட்களை ஏற்ற மாட்டு வண்டிகள் லயத்துக்குள் வந்துகொண்டிருந்தன. மாரியாயி அப்பா காலிலும் அம்மா காலிலும் விழுந்தாள். வேலை கிடைத்தால் இங்கேயே இருக்கிறேன், கிடைக்காவிட்டால் நேராகத் துறைமுகத்துக்கே வந்து ஏறிக்கொள்கிறேன் என்றாள். அம்மா அவள் வயிற்றைத் தொட்டாள். ரெங்கசாமி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். “குடிகாரன் பின்னாடி போறவளுக்கு நான் என்ன சொல்லி அனுப்பறது?” என்று முடிச்சைப் பார்த்துச் சொன்னார்.

தோப்பில் கள்ளை ஏற்றிக் கட்டியாகிவிட்டது. பன்னாடையிலிருந்து நுரை மெல்ல வழிந்தது. இராமலிங்கம் கொட்டகைக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். விரட்டிவிட்ட பழைய டிரைவரையே திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஆள் திரும்பி வந்து, அவன் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லிவிட்டான். வெயில் ஏறினால் கள்ளு புளித்துவிடும். பகல் தாண்டினால் கடையில் சேர்க்கமாட்டார்கள். இதற்கு நடுவில் சபாபதியும் நிறைமாதம் போலத் தோன்றும் ஒரு பெண்ணும் வருவதைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது.

“ஒன்ன என்ன சொன்னேன்? பொண்டாட்டியக் கூட்டியாந்து அழுவ வைக்கிறியா?”

“நான் அழுவ வரல மொதலாளி. ஒண்ணு கேக்க வந்தேன்” என்றாள் மாரியாயி. “குடிக்கிறவனா இருந்தா, கள்ளு பொங்கும், மூச்சு விடணும்னு தெரிஞ்சிருக்கும். நேத்து பாதியாவது உறிஞ்சியிருப்பான், மீதியில தண்ணி ஊத்தியிருப்பான், ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நீங்க குடிக்காதவனக் கேட்டீங்க, குடிக்காதவனே வந்தாரு. இப்போ குடிகாரன் புத்தியும் இருக்கணும்னா எப்படி? ரெண்டும் ஒரே ஆள்ல கெடைக்குமா?”

மரமேறி ஒருவன் களுக்கென்று சிரித்தான். இராமலிங்கம் அவனை முறைத்தார். வானத்தைப் பார்த்தார். வழியும் நுரையைப் பார்த்தார்.

“வாய் இருக்கு” என்றார். “இந்த வாயி டிரைவருக்கு இருந்திருந்தா நேத்தே வழியில நிறுத்தி நாலு பேரக் கேட்டிருப்பான்.”

“இனிமே கேப்பாரு.”

குத்தகைக்காரர் சபாபதி பக்கம் திரும்பினார். “பன்னாடைய எவனாச்சும் தொட்டா கைய ஒடிப்பேன். ஏறு.”

“இன்னைக்கு மட்டுமா மொதலாளி?” மாரியாயிதான் கேட்டாள்.

“நாளைக்கும் மரத்துல கள்ளு ஊறும்ல? ஏறச் சொல்லு மொதல்ல! கொட்டகைக்குப் பின்னால ஒரு அறை காலியா கெடக்கு, நீ அங்க குந்து.”

மரமேறி ஒருவன் கம்பியைச் சுழற்றினான். லோரி கிளம்பியது. சபாபதி கோலாலம்பூர்ப் பக்கம் திரும்பினான். துறைமுகம் அதற்கு எதிர்ப்பக்கம். மாரியாயி கொஞ்ச தூரம் துறைமுகச் சாலையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், வேலை கிடைத்துவிட்டது என்று, தன் புருஷன் நேற்றுக் குடிக்கவில்லை என்று. வயிறு கனத்தது. நிழலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். தென்னைகளுக்கு அப்பால் கப்பலின் சங்கு ஊதியது. அவள் அங்கேயே நின்று, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

சபாபதி இன்றும் லோரிதான் ஓட்டுகிறார். கள்ளு லோரியை விட்டு இப்போது ரவாங்கிலிருந்து மரம் ஏற்றுகிறார். ஆண் குழந்தை, நன்றாக நடக்கிறான். ஆனால் ரெங்கசாமியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எந்தக் கிராமம் என்று யாருக்கும் தெரியாததால் இவர்களாலும் சொல்லி அனுப்ப முடியவில்லை. தம் மருமகன் ஒரு குடிகாரன் என்ற எண்ணத்தோடுதான் அந்த மனிதர் கப்பலில் போனார். மாரியாயி அக்காவுக்கு மற்ற எல்லாக் கஷ்டமும் பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை.

ஆகையால், இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது ஊருக்குக் கப்பல் ஏறினால், அல்லது ஏறுகிறவர்களைத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சேலம் ஜில்லாவில், ஆத்தூருக்குப் பக்கம், கிள்ளான் ஆறாங்கட்டைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ரெங்கசாமி என்று யாரையாவது பார்த்தால், எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், அவருக்குக் கோபம் வரும். பேரன் பிறந்திருக்கிறான் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர் மருமகன் குடிக்கவில்லை என்றும் சொல்லுங்கள்.